தைலம்மாவின் பாடு

வளர்மதி கதை எழுதுகிறவள் என்பது நடுத்திட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒருத்திக்கு வெற்றிலை, ஒருத்திக்கு சீரியல், இவளுக்கு இது என்று விட்டுவிட்டார்கள். ஆண்கள் இரவெல்லாம் ஏரியில் கிடந்துவிட்டு வந்து, உச்சிப்பொழுதில் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார்கள். அந்த நேரத்தில் வளர்மதி சமையல்கட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவாள். புருஷன் பச்சைமுத்து நடுவில் விழித்தால், "இன்னும் முடியலையா ஒங்கதை?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். அதில் கேலியும் இல்லை, அக்கறையும் இல்லை.

பழவேற்காட்டுத் துறையிலிருந்து படகில் ஏரிக்குள் போனால் வருகிற மணல்திட்டுதான் நடுத்திட்டு. மண்ணும் உப்பு, காற்றும் உப்பு. துவைத்த துணி காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது. மேட்டில் ஓர் இடத்தில் மட்டும் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஊருக்கே அந்த ஊற்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் வளர்மதி வீட்டுப் பின்பக்கம் கத்தரியும் வெண்டையும் காய்த்தன, பசலைக்கொடி கூரையேறியது. ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகள் உடைந்தால் கரையில் வீசிவிடுவார்கள். அவள் அவற்றைப் பொறுக்கி வந்து, மீஞ்சூரிலிருந்து அரிசிச் சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து வந்த செம்மண்ணை நிரப்பி, எறா என்று அவர்கள் சொல்கிற இறாலின் தோலை மக்கவைத்துப் போட்டு வளர்த்தாள். செம்மண்ணும் விதையும் ஜெபசெல்வி டீச்சர் கொடுத்தது.

டீச்சர் மீஞ்சூர் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. மகன் துபாயில். ரயில் பாதையோரத்து வீட்டின் மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகள். வளர்மதி அந்தத் தெருவுக்கு மீன் விற்கப் போன புதிதில், "மீன் கழுவுற தண்ணியக் கொட்டாதம்மா, செடிக்குக் குடு" என்று டீச்சர் கேட்டாள். மறுநாள் வளர்மதி எறாத்தோலையும் மீன்குடலையும் தனிப் பையில் கட்டிக்கொண்டு வந்தாள். வெல்லம் போட்டு மூடி வைத்து, நொதித்த பிறகு தண்ணீரில் கலந்து ஊற்ற, ரோஜாச்செடிகள் அடங்காமல் பூத்தன. அப்படி மாடிவரை போனவள், மாடிப்படி ஓரத்து அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பார்த்தாள். ஒன்று வாங்கிப்போனாள். திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு வாங்கிப்போனாள். பிளஸ் டூவோடு நின்ற படிப்பு அந்த மாடியில் திரும்ப ஆரம்பித்தது.

எட்டு வருஷமாக அது நடந்தது. கூடை காலியானதும் வளர்மதி மாடிக்குப் போவாள். டீச்சர் தண்டு கிள்ளுவாள், இவள் தொட்டி மாற்றுவாள். கை கழுவிக்கொண்டு, அந்த வாரம் எழுதியதைப் படித்துக் காட்டுவாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"தைலம்மா அழுதாள்னு எழுதியிருக்க."

"ஆமா டீச்சர்."

"அவ அழுதாளா, எழுதும்போது நீ அழுதியா?"

வளர்மதி யோசித்துவிட்டு அந்த வரியை அடித்துவிடுவாள். இப்படிக் கேட்க அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? டீச்சரும் ஒரு காலத்தில் கவிதைகள் எழுதியவள். ஒரு நாவலை ஆரம்பித்து நாலு முறை கிழித்துப்போட்டவள். "எனக்குச் சொல்லு இருக்கு மதி, சரக்கு இல்ல" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். வளர்மதி கையால் எழுதியதையெல்லாம் டீச்சர்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தாள்.

நாவலுக்குப் 'பாடு' என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய ஏரிப்பகுதியில்தான் எறா அதிகம். எந்த வீட்டுக்காரன் எந்த நாளில் அங்கே வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாத வீட்டுக்கு ஏரி இருந்தும் இல்லாத மாதிரி. வளர்மதியின் மாமியார் மணியம்மாள் இருபத்தைந்து வயதில் தாலியறுத்தவள். பச்சைமுத்து அப்போது கைக்குழந்தை. 'பையன் தலையெடுக்கிறவரைக்கும் எங்க அண்ணன் வந்து எங்க பாட்டுல வலை கட்டட்டும்' என்று அவள் ஊர் முன்னால் நின்று கேட்டாள். 'பொம்பளைக்கு ஏது பாடு' என்று அன்றைய தலைவர் அதைப் பிடுங்கித் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். பச்சைமுத்துவுக்கு மீசை முளைத்து, ஊர்க்காலில் விழுந்துதான் அது திரும்பியது. இதைத்தான் வளர்மதி எழுதிக்கொண்டிருந்தாள். மாமியாருக்குத் தைலம்மா என்று பெயர் வைத்திருந்தாள். பதினோரு அத்தியாயம் முடிந்திருந்தது. இன்னும் மூன்று பாக்கி.

ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பி, எறா கூட்டம் கூட்டமாக இறங்குகிற நேரத்தில் ஒரு சிறுபத்திரிகை வந்தது. அதில் 'பாடு' நாவலின் ஓர் அத்தியாயம் இருந்தது. வளர்மதியின் பெயரும், மாடியில் ரோஜாத்தொட்டி பக்கத்தில் அவள் நிற்கிற படமும் இருந்தன. அவளிடம் கேட்காமல் டீச்சர் அனுப்பியிருந்தாள். பிறந்தநாளுக்குப் புடவை வாங்கி ஒளித்துவைத்துத் தருகிற மாதிரி அவளுக்கு அது ஒரு சந்தோஷம்.

"மொதல்ல நீ இதைப் பாரு, அப்புறம் திட்டு" என்று நீட்டினாள்.

வளர்மதி பார்த்தாள். பெயரைத் தடவினாள். "ஊர்ல தெரிஞ்சா இன்னா ஆவும் டீச்சர்?" என்றாள்.

"உங்க ஊர்ல யாரு சிறுபத்திரிகை படிக்கிறாங்க?"

யாரும் படிப்பதில்லைதான். ஆனால் தலைவர் சரவணன் மகள் பவித்ரா பொன்னேரி காலேஜில் படித்தாள். தமிழ்த்துறை மேசையில் கிடந்ததைப் பார்த்து, நம்மூர் அக்கா படம் வந்திருக்கிறது என்ற பெருமையில் நாலு பக்கத்தையும் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். விடிவதற்குள் ஊரே படித்துவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. பெயர் மாற்றினால் ஆள் தெரியாமல் போய்விடுமா? இடது காலை இழுத்து நடக்கிற தலைவர் என்றால் அது சரவணனின் அப்பாதான்.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. சரவணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"எங்க நைனா செத்து பன்னண்டு வருசமாவுது. வருசா வருசம் தெவசம் குடுக்கிறேன். அந்த மனுசன ஊரு சொத்தைத் தின்னவருனு இந்தப் பொம்பள எழுதிக்கிறா. நல்லா இருக்குதா பச்ச?"

பச்சைமுத்து தலைகுனிந்து நின்றான். "எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே."

"உனக்குத் தெரியாது. உம் பொண்டாட்டிக்குத் தெரியுது. அதான் பேஜாரா கீது."

பைசல் ஆகும்வரை பச்சைமுத்துவுக்குப் பாடு கிடையாது, அந்த வீட்டுக்காரர்கள் ஊர்ப்படகில் ஏறக்கூடாது, ஊற்றில் குடம் வைக்கக்கூடாது, யாரும் முகம் கொடுக்கக்கூடாது என்று முடிவானது.

வாடைக்காலத்து வருமானத்தில்தான் வருஷத்தின் பாதி ஓடும். மற்றவர்கள் கூடை கூடையாக வெள்ளை எறா இறக்க, பச்சைமுத்து தன் சின்னப் படகில் அக்கரையோரம் போய்ச் சேற்றில் நண்டு துழாவினான். பிறகு அதையும் விட்டு, மீஞ்சூரில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனான். குடிதண்ணீரைப் பழவேற்காட்டிலிருந்து கேனில் கொண்டுவந்தார்கள். அரிசி களைந்த தண்ணீர்தான் செடிகளுக்கு. அதுவும் பெட்டிக்கு ஒரு கை. வெண்டை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. கத்தரி பூ உதிர்த்தது. மணியம்மாள் இரண்டு நாள் பார்த்தாள்.

"செடி குடிச்சா மனுசன் இன்னாடி குடிக்கிறது?"

 அன்று மாலை வளர்மதி ஒவ்வொரு பெட்டியாகச் செடிகளை வேரோடு பிடுங்கினாள். விரல் நீளம்கூட வராத பிஞ்சுகளை ஆய்ந்து புளிக்குழம்பு வைத்தாள். பச்சைமுத்து சாப்பிட்டான். "கசக்குது" என்று மட்டும் சொன்னான்.

விஷயம் தெரிந்ததும் டீச்சர் சுற்றுலாப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த யாரும் வழி சொல்லவில்லை. காலியான பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பின்வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் கேட்டுட்டு அனுப்பியிருக்கணும், மதி."

"ஆமா டீச்சர்."

"போலீஸ்ல சொல்லலாம். ஊர்விலக்கு குத்தம். கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம். எழுத்தாளருங்க எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க."

மணியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "கையெழுத்துப் போட்டுட்டு அவங்க அவங்க ஊட்டுக்குப் போயிருவாங்க. நாங்க இங்கதான இருக்கணும். பாட்டைக் கலெக்டரா போடுறாரு? ஊரு போடுது."

"அப்ப என்ன பண்றதும்மா?"

"நீதான அச்சுல போட்டே. நீயே எழுதினேன்னு சொல்லிரு."

டீச்சர் வளர்மதியைப் பார்த்தாள். வளர்மதி மாமியாரைப் பார்த்தாள்.

"அத்த, அது உன்னோட கதை. உனக்கு நடந்தது."

"எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதை எழுதி இன்னா ஆச்சு? அன்னிக்கு என் புருசன் பாடு போச்சு, இன்னிக்கு எம்புள்ள பாடு போச்சு." மணியம்மாள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "நீ வெளியூரு. உன்ன இன்னா பண்ணிருவாங்க? நான்தான் எழுதினேன், மீன்காரி பேரு இருந்தா எடுப்பா இருக்கும்னு போட்டேன்னு சொல்லு. நம்பிக்குவாங்க."

"பொய்யின்னு தெரியும்ல எல்லாருக்கும்?" என்றாள் டீச்சர்.

"தெரியும். தெரிஞ்சே நம்பிக்குவாங்க. அவங்களுக்கும் இது முடியணும்."

டீச்சர் வளர்மதி பக்கம் திரும்பினாள். "மதி, நீ சொல்லு. நீ சொன்னா செய்றேன்" என்றாள். வளர்மதி, மூட்டை தூக்கித் தோல் உரிந்த தோளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பச்சைமுத்துவைப் பார்த்தாள். "சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் கோயில் முன்னால் எல்லாம் நடந்தது. டீச்சர் கைகூப்பி நின்று, சொல்லிவைத்தபடியே சொன்னாள். கூட்டத்தில் ஒருவன், "அதான பாத்தேன். எறா உரிக்கிற கைக்கு இவ்ளோ எழுத்து ஏது?" என்றான். சிலர் சிரித்தார்கள். அவர்களும் அவள் எழுதுவதைப் பல வருஷமாகப் பார்த்தவர்கள்தான்.

கற்பூரம் ஏற்றினார்கள். மணியம்மாள் மருமகளின் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினாள்.

"அந்தக் கதைய நான் எழுதல" என்று சொல்லி வளர்மதி கற்பூரத்தின் மேல் கையை வைக்கப் போனாள்.

"இரும்மா," என்றான் சரவணன். "இனிமேட்டும் எழுத மாட்டேன்னு சொல்லு."

அது பேச்சில் இல்லாதது. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணியம்மாள் முந்திக்கொண்டாள்.

"சொல்லேண்டி. வாய்க்கு இன்னா வலி?"

"இனிமேட்டும் எழுத மாட்டேன்." வளர்மதி உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள். மறுவாரம் பச்சைமுத்து தன் பாட்டில் வலை கட்டப் போனான்.

சரவணன் அச்சிலும் வரவேண்டும் என்று கேட்டிருந்தான். அடுத்த இதழில் வந்தது. முன் இதழில் வெளியான பகுதியை எழுதியவர் ஜெபசெல்வி என்று, வருத்தத்தோடு, கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அங்கிருந்துதான் அது வேறுபக்கம் நடக்க ஆரம்பித்தது. கரை வாழ்க்கை தெரியாத ஒரு தமிழாசிரியை இவ்வளவு துல்லியமாக ஒரு மீனவப் பெண்ணின் மனசுக்குள் போயிருக்கிறாரே என்று இரண்டு பேர் கட்டுரை எழுதினார்கள். ஒரு பதிப்பகம் நாவலைக் கேட்டது.

முதலில் டீச்சர் ஃபோனில் அழுதாள். "எனக்கு வெக்கமா இருக்கு மதி. உன் நாவலை என்னோடதுன்னு பேசறாங்க." பொங்கலுக்குப் பிறகு, "நம்ம நாவலுக்கு அட்டைப்படம் என்ன போடலாம்னு கேக்கறாங்க" என்றாள். மாசி பிறந்தபோது, "நாவல் வேலை ஓடிட்டிருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் வளர்மதி கூடையோடு மாடிக்குப் போனாள். டீச்சர் நிழல்வலை கட்டி, புதிதாக ஆர்க்கிட் செடிகள் தொங்கவிட்டிருந்தாள். எறாத்தோல் பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். திறக்கவில்லை.

"இப்பல்லாம் கடையில உரம் வாங்கிடறேன். வர்றவங்களுக்கு வாடை ஒத்துக்கல."

"சரி டீச்சர்."

"மதி, அந்தக் கடைசி மூணு அத்தியாயம். எழுதி வெச்சிருக்கியா?"

"மனசுல இருக்குது."

"எழுதிக் குடு. அங்க ஊர்ல வேணாம், இங்க வந்து உக்காந்து எழுது. யாருக்குத் தெரியப்போவுது? பதினோரு அத்தியாயத்தோட ஒரு நாவல் நின்னுபோறது பாவமில்லையா? யாரு பேர்ல வந்தா என்ன? நம்ம ரெண்டு பேருக்கும் உண்மை தெரியும். அது போதாதா?"

வளர்மதி ரோஜாத்தொட்டியில் களையாக முளைத்திருந்த புல்லைக் கிள்ளினாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். உங்களுக்கு இன்னும் எவ்ளோ நாளைக்குத் தெரியும்னுதான் எனக்குத் தெரியல."

டீச்சர் முகம் சிவந்தது. "நான் ஆசைப்பட்டா இதைச் செஞ்சேன்? உங்க வீட்டுக்காகத்தானே ஊர் முன்னாடி நின்னு பேர் கெடுத்துக்கிட்டேன்? உன் மாமியார்தானே கேட்டாங்க?"

"இல்லைனு சொல்லல. நீங்க எங்க ஊட்டைக் காப்பாத்தினீங்க. அது நெசம்." கிள்ளிய புல்லைக் கீழே போட்டாள். "நீங்கதான் எழுதினதுன்னு ஆயிருச்சு. மிச்சத்தையும் நீங்களே எழுதிருங்க."

"தைலம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு, அதையாவது சொல்லிட்டுப் போ."

"எழுதினவங்களுக்குத் தெரியும் டீச்சர்."

அவள் படியிறங்கினாள். அதன்பின் அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுபோகவில்லை. ரயிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில் வாடிக்கை பிடித்தாள்.

டீச்சர் எழுதினாள். அடுத்த வாடைக்கு முன்னால் புத்தகம் வந்தது. பழவேற்காட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் வெளியீட்டு விழா வைத்தார்கள். ஊர் ஊராக அழைப்பிதழ் கொடுத்தார்கள். நடுத்திட்டிலிருந்து சரவணன் வேட்டி கட்டிக்கொண்டு போனான். மேடையில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'எங்க ஊருக்குப் பெருமை சேர்த்த அம்மா' என்று அவன் மைக்கில் பேசியதைப் பவித்ரா வாட்ஸ்அப்பில் போட்டாள். பிறகு வளர்மதி வீட்டு வாசலில் வந்து நின்று புத்தகத்தை நீட்டினாள். "டீச்சரம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க அக்கா." முதல் பக்கத்தில் 'வளர்மதிக்கு, அன்புடன்' என்று அச்சாகியிருந்தது.

வளர்மதி இரண்டு மத்தியானங்களில் படித்து முடித்தாள். முதல் பதினோரு அத்தியாயங்களும் அவளுடையவைதான். அங்கங்கே 'கீது' என்று இருந்தது 'இருக்கிறது' ஆகியிருந்தது. பன்னிரண்டாவதிலிருந்து அவளுக்குத் தெரியாத ஊர். தெரியாத தைலம்மா. படித்த புத்தகத்தை அரிசிப்பானை மூடிமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் கரையில் கொட்டகைக்குள் மாமியாரும் மருமகளும் எறா உரித்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி வண்டி அக்கரையில் காத்திருந்தது. வெளியே வாடைக்காற்று கொட்டகைத் தார்ப்பாயை அடித்துக்கொண்டிருந்தது. மணியம்மாள் எறாவின் தலையைக் கிள்ளி எறிந்துகொண்டே கேட்டாள்.

"நான் செத்துட்டேன்னு எழுதிக்கிறாளாமே அந்தம்மா?"

"யாரு சொன்னது?"

"பவித்ராப் பொண்ணு சொல்லிச்சு. நெசமா?"

"ஆமா அத்த. தைலம்மா கொழந்தைய கரையில படுக்கவெச்சுட்டு ஏரிக்குள்ள நடந்து போயிர்றா."

"கொழந்தையவா?" மணியம்மாள் கை நின்றது. "புள்ளைய உட்டுட்டு எவ போவா? அப்புறம்?"

"தலைவரு ஓடியாந்து பொணத்தைத் தூக்கி மடியில போட்டுக்கினு அழறாரு. நான் பாவம் பண்ணிட்டேன்னு. அந்தப் புள்ளைய அவரே வளக்கறாரு."

மணியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்து நின்றது.

"அதான் சரவணன் சால்வ போத்திக்கினு வந்தானா. அவன் நைனா எங்கடி அழுதான்? பாட்டைப் புடுங்கின மறுநாளு எங்க ஊட்டு வாசல் வழியா எறாக்கூடை எடுத்துக்கினு போனான். கொளம்புக்கு வெச்சுக்கோனு ரெண்டு கைப்பிடி வாசல்ல போட்டுட்டுப் போனான்."

"தெரியும். நீ சொல்லிக்கிற."

"உங்கதையில நான் இன்னா பண்ணேன்?"

"அந்த எறாவ எடுத்து நீ கொளம்பு வெச்ச. பசி. சாப்ட்டுட்டு, புள்ளைக்குப் பால் குடுத்துட்டு, விடியறதுக்குள்ள கூடை தூக்கினு அடுத்தவங்க மீனை விக்கப் போன."

மணியம்மாள் தலையாட்டினாள். "ஆமா. போனேன். அந்தக் கொளம்பு நல்லா இருந்துச்சுடி. அதான் இன்னிக்கும் ஆறல. நல்லா இருந்துச்சு." இன்னும் இரண்டு எறா உரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதை நீ எழுது" என்றாள்.

"எழுத மாட்டேன்னு சொல்லிட்டேனே அத்த. நீதான் பக்கத்துல நின்ன."

"அந்த ஆத்தாளுக்குக் காது கேக்கலன்னு நெனச்சுக்கோ."

"ஆத்தாளுக்குக் கேக்காட்டி போவட்டும். ஊருக்குக் கேக்கும்." வளர்மதி உரித்த எறாவை ஐஸ் தண்ணீரில் போட்டாள். "நாளைக்கு உம் புள்ளைக்குப் பாடு."

மணியம்மாள் அடுத்த எறாவை எடுத்தாள். அக்கரையிலிருந்து வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, ஐஸ் கரைவதற்குள் மிச்சத்தை உரிக்க ஆரம்பித்தார்கள்.